மூடியைச் சாத்தினால் ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா?

மடிக்கணினியைச் சாத்திப் பைக்குள் வைத்து, சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பேட்டரி கணிசமாகக் குறைந்திருப்பது பலருக்கும் பழக்கமான தொல்லை. பேட்டரி பழசாகிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், மூடியைச் சாத்தும்போது கணினி எந்த நிலைக்குப் போகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் மடிக்கணினிகள் வழக்கமாக ஸ்லீப் நிலைக்கே போகும். அப்போது திரை அணைந்துவிட்டாலும், திறந்திருக்கும் வேலைகள் எல்லாம் ராமில், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில் இருப்பதால், அதற்கு மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி முழுவதும் தீர்ந்துபோனால் சேமிக்காத வேலையும் போய்விடும். ஹைபர்னேட்டில் ராமில் உள்ளவை அனைத்தும் எஸ்எஸ்டி என்ற நிரந்தரச் சேமிப்பகத்தில் எழுதப்பட்ட பிறகு கணினி அணைந்துவிடுவதால், செலவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மறுபடி பவர் பட்டனை அழுத்தினால், ஸ்லீப்பைவிடச் சில நொடிகள் கூடுதலாகப் பிடித்தாலும், பாதியில் விட்ட வாக்கியம் கர்சரோடு அப்படியே திரையில் நிற்கும்.

புதிய மாடல்கள் பலவற்றில் மேலே சொன்ன பழைய ஸ்லீப்புக்குப் (எஸ்3) பதிலாக மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறை இருக்கிறது. இதில் கணினி கைப்பேசியைப் போல, உறங்கும்போதும் இணையத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு மின்னஞ்சலையும் அப்டேட்டையும் கவனிக்கக்கூடும். பைக்குள் இருந்து எடுக்கும்போது அடிப்பாகம் சூடாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இத்தகைய கணினிகளுக்கு ஹைபர்னேட் மிகவும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

மாற்றுவது எளிது. கண்ட்ரோல் பேனலில் ஹார்டுவேர் அண்ட் சவுண்ட், அதற்குள் பவர் ஆப்ஷன்ஸ் என்று போனால், மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு இடப்பக்கம் இருக்கும். அங்கே பேட்டரியில் ஓடும்போது ஹைபர்னேட் என்றும், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்றும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பவர் மெனுவிலும் ஹைபர்னேட் வேண்டுமென்றால், அதே பக்கத்தின் மேலே, தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுவதற்கான வரியைச் சொடுக்கி, கீழே உள்ள ஹைபர்னேட் கட்டத்தில் டிக் செய்து சேமிக்க வேண்டும்.

தேநீர் குடித்துவிட்டு வருவதற்கும், அடுத்த கூட்டத்துக்கு நடப்பதற்கும் ஸ்லீப் போதும். ஒவ்வொரு சிறு இடைவேளைக்கும் ஹைபர்னேட் செய்யத் தேவையில்லை. இரவு முழுவதற்கும் ரயில் பயணத்துக்கும் ஹைபர்னேட்தான் சரி.

ராமில் உள்ளதை எழுதிவைப்பதற்கான ஹைபர்னேட் கோப்பு வழக்கமாக ராமின் அளவில் சுமார் 40 சதவீத இடத்தை எடுக்கும், அதாவது 16 ஜிபி ராமுக்கு ஏறத்தாழ 6 ஜிபி. அந்த இடத்துக்காக ஹைபர்னேட்டையே நீக்கினால் கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் சேர்ந்து போய்விடும் என்பதால், டிஸ்க் மிகவும் நெருக்கடியில் இருந்தாலன்றி அதைத் தொட வேண்டாம்.

ஹைபர்னேட் வைத்திருந்தால், மூடியைச் சாத்தியவுடன் பைக்குள் திணிக்காமல், ராமில் உள்ளதை எழுதி முடித்து விசிறி நின்று, பவர் விளக்கு அணையும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால், எழுதும் நேரத்தில் அதை அசைக்காமல் வைத்திருப்பது இன்னும் முக்கியம்.