மங்கலை நீக்கும் அந்த ஒரு வரி: ஹை டிபிஐ வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு சேலத்துக்கு இறங்கி வந்திருந்தார். அங்கே ஒரு காபி எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கும் கூலிக் கணக்கை எழுத டெஸ்க்டாப் அப்ளிகேஷன் செய்து கொடுத்திருக்கிறார். எஸ்டேட் ஆபீஸில் புது லேப்டாப் வாங்கியதும் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். "ஒரே வரிதாங்கண்ணா. மேனிஃபெஸ்ட்ல போட்டேன், பளிச்சுனு ஆயிடுச்சு" என்று திரையைக் காட்டினார். மேனிஃபெஸ்ட் என்பது அப்ளிகேஷன் தன்னைப் பற்றி விண்டோஸிடம் சொல்லிக்கொள்ளும் குறிப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வரியை அதே சந்தோஷத்தோடு நானும் ஒருநாள் போட்டிருக்கிறேன்.

பட்டன் சின்னதாகத் தெரிவது, டயலாக் பாதி திரைக்கு வெளியே போவது போன்றவை கண்ணில் பட்டதும் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணில் படாமல் கணக்கைக் கெடுப்பவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

வேலையை முடிக்காமல் மேனிஃபெஸ்ட்டைத் தொடுவது

டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. திரையில் எல்லாம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பில், விண்டோஸுக்கு 96 டிபிஐ என்றால் 100 சதவீதம். 125 வைத்தால் 120 டிபிஐ, 150 வைத்தால் 144. இதைப் பற்றி ஒன்றும் சொல்லாத பழைய அப்ளிகேஷனிடம் விண்டோஸ் எப்போதும் 96 என்றே சொல்லும். அது வரைந்த ஜன்னலை ஒரு படமாக எடுத்து, ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டும். இழுப்பதால்தான் மங்கல். ஆனால் எழுத்து, கட்டம், இடைவெளி எல்லாம் சேர்ந்தே பெரிதாவதால் ஒன்று இன்னொன்றை வெட்டாது.

மேனிஃபெஸ்ட்டில் டிபிஐ அவேர் என்று எழுதினால், அளவையெல்லாம் இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று விண்டோஸுக்கு வாக்குக் கொடுக்கிறோம். அப்புறம் அது கையை எடுத்துவிடும். வாக்கு மட்டும் கொடுத்துவிட்டு வேலையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கற்றுக்கொண்டேன்.

அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது வெள்ளி வரவு செலவு. யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி போனது, எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பி வந்தது, கூலி எவ்வளவு. கிராமுக்குப் பிறகு மூன்று இலக்கம். சி++-இல் எழுதியது, எண்கள் வரும் அட்டவணையையும் (கிரிட்) நானே வரைந்திருந்தேன். எடை காலத்தின், அதாவது எடை வரும் நெடுவரிசையின், அகலம் 80 பிக்சல் என்று புரோகிராம் கோடில் நேராகவே எழுதியிருந்தேன். எழுத்தின் அளவு மட்டும் 12 பாயின்ட். அதைத் திரையின் டிபிஐயைக் கேட்டுப் பிக்சலாக மாற்றும் வழக்கமான வரி.

கடைக்குப் புது லேப்டாப் வந்தது, 150 சதவீதம். மங்கல் என்றார்கள். வரியைப் போட்டு, புது ஃபைலை அனுப்பினேன். பளிச்சென்று ஆகிவிட்டது, பாராட்டி போனும் வந்தது.

உள்ளே நடந்தது இதுதான். முன்பு 96 என்று கேட்டுக்கொண்டிருந்த எழுத்துக்கு இப்போது 144 என்று பதில் வந்தது. 12 பாயின்ட் எழுத்து 16 பிக்சலிலிருந்து 24 பிக்சல் ஆனது. காலம் மட்டும் அதே 80-இல் நின்றது. எண்களை வலது ஓரமாக ஒட்டி வரைவது வழக்கம். அப்படி வரையும்போது இடம் போதாவிட்டால் வெட்டுப்படுவது இடது பக்கம். 1245.300 என்ற எடை திரையில் 245.300 என்று நின்றது. உற்றுப் பார்த்தால் 2-இன் இடது ஓரமும் மயிரிழை சீவப்பட்டிருந்தது. யார் அவ்வளவு உற்றுப் பார்ப்பார்கள்? மற்ற வரிகளெல்லாம் நூறு, இருநூறு கிராம்தான். இதுவும் அந்த வரிசையில் ஒன்றுபோலவே உட்கார்ந்திருந்தது.

கணக்குப் பிள்ளை திரையைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவர். அன்று மாலை நோட்டுக்கும் இருப்புக்கும் சரியாக ஒரு கிலோ வெள்ளி இடித்தது. பட்டறையில் ஒரு கிலோ குறைந்தால் யாரும் சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட மாட்டார்கள். கடைசியாக வெள்ளி வாங்கிப் போன பற்றுக்காரர்மீதுதான் பார்வை போனது. பதினைந்து வருடமாக அங்கே வேலை செய்பவர். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டில் கிடந்த அச்சடித்த சீட்டில் 1245.300 என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு போன் வந்தது. பிரின்டருக்குத் தனி டிபிஐ, அதற்குத் தனிக் கணக்கு. அதனால் தாளில் சரியாக விழுந்திருந்தது. நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க தம்பி" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை. மங்கலாக இருந்தவரை அந்தத் திரை சரியான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கோடில் நேராக எழுதப்பட்ட பிக்சல் எண் ஒவ்வொன்றையும் தேடி எடுங்கள்: காலம், வரி உயரம், ஓரம், கோட்டின் தடிமன், ஐகான். ஒவ்வொன்றையும் டிபிஐயால் பெருக்கி 96-ஆல் வகுக்கும் ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாக விடுங்கள். எண் வரும் காலத்தில் எழுத்து கொள்ளவில்லை என்றால் வெட்டாமல் நட்சத்திரக் குறிகளைக் காட்டச் செய்யுங்கள். பணமும் எடையும் வரும் இடத்தில் பாதி எண்ணைக் காட்டவே கூடாது. மேனிஃபெஸ்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

அதுவரை வாடிக்கையாளரைச் சமாளிக்க நல்ல வழி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, எக்ஸி ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் ஹை டிபிஐ அமைப்பு ஒன்று உண்டு. அதில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸின் பழைய வரையும் முறையான ஜிடிஐ மூலம் வரைந்த எழுத்து அளவு கெடாமல் பளிச்சென்று வரும், புரோகிராமைத் தொட வேண்டியதில்லை. எல்லா அப்ளிகேஷனுக்கும் ஒத்துவராது, முயன்று பாருங்கள். ஏற்காட்டுத் தம்பிக்கு அன்று இதைத்தான் செய்து அனுப்பினேன்.

ஏற்கனவே பெருக்கிய எண்ணை மறுபடி பெருக்குவது

லேப்டாப் 150, கல்லாவில் இருக்கும் மானிட்டர் 100. ஜன்னல் அங்கும் இங்கும் போகும்போதெல்லாம் இப்போதைய அகலத்தையே 1.5-ஆல் பெருக்கி, வகுத்துக்கொண்டிருந்தால் ஒரு பிக்சல் தேயவோ ஏறவோ கூடும். 96-க்கான மூல எண்ணைத் தொடாமல் வைத்து, எப்போதும் அதிலிருந்தே கணக்கிடுங்கள்.

விண்டோஸ் கொடுக்கும் அளவை ஒதுக்குவது

ஒவ்வொரு மானிட்டரின் டிபிஐயையும் தனித்தனியாகப் பார்க்கும் பர் மானிட்டர் முறையில் ஜன்னல் வேறு மானிட்டருக்கு நகரும்போது, டிபிஐ மாறிவிட்டது என்ற மெசேஜோடு புது இடம், புது அளவு இரண்டையும் விண்டோஸே அனுப்புகிறது. அதை அப்படியே வைத்துவிடுங்கள். சொந்தக் கணக்குப் போட்டால் இரு மானிட்டருக்கு நடுவே இழுக்கும்போது ஜன்னல் மாறி மாறித் துள்ளும்.

பழைய விபி6 கோடில் 15

விபி6, அதாவது விஷுவல் பேசிக் 6, அளவுகளை ட்விப்ஸ் என்ற அலகில் வைக்கும். ஒரு அங்குலத்துக்கு 1440 ட்விப்ஸ், 96 டிபிஐயில் பிக்சலுக்கு 15. 144-இல் அது 10. கோடில் 15 என்று எழுதியிருந்தால் எடுங்கள்.

ஐகான்

இழுக்காதீர்கள். 16, 20, 24, 32 என்று தனித்தனியாக வரைந்து வையுங்கள்.

தமிழ் லேபிளை ஆங்கில அளவில் அடைப்பது

'வெயிட்' என்பதற்கு விட்ட இடத்தில் 'நிகர எடை' உட்காராது. அகலம்கூடப் பரவாயில்லை, உயரம்தான் ஏமாற்றும். 'மூ', 'ஞூ' மாதிரி எழுத்துகளின் கீழ்ச்சுழி வரிக்கு வெளியே போய் வெட்டுப்படும். வரி உயரத்தை நீங்களே முடிவு செய்யாமல் எழுத்துருவிடம் கேட்டு வாங்குங்கள்.

100-இலும் 200-இலும் மட்டும் சோதிப்பது

இரண்டும் முழு மடங்கு, தவறு ஒளிந்துகொள்ளும். 125-இலும் 175-இலும் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவை மாற்றுங்கள். ஒவ்வொரு எண் காலத்திலும் அங்கே வரக்கூடிய மிக நீளமான எண்ணைப் போடுங்கள். என் கொலுசு அப்ளிகேஷனில் அது 99999.999. தம்பியின் அப்ளிகேஷனில் அன்று 1000 கிலோவுக்கு மேல் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் என்ற கட்டத்தில் முதல் இலக்கம் காணோம். எஸ்டேட்டில் சனிக்கிழமை சம்பளம். வெள்ளிக்கிழமை மாலையே பழைய ஃபைலைத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.