கடலை வேகாததற்குத் தண்ணீர்தான் காரணம்

தண்டையார்பேட்டை வீட்டில் கறியை நிறுத்திவிட்டு, புரதத்துக்காகத் தினமும் கொண்டைக்கடலை சாப்பிட ஆரம்பித்தேன். பத்து நாளாக ஒரே வயிற்று உப்புசம். அளவைக் குறைத்தேன். அப்புறம் பெருங்காயம், ஓமத் தண்ணீர். எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு கடலையை விரலால் நசுக்கிப் பார்த்தேன். எட்டு விசிலுக்குப் பிறகும் நடுவில் மாவு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. ஊறவைத்தது, வேகவைத்தது எல்லாம் போர் தண்ணீரில். அந்த உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கடலையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்கிவிடும். சரியாக வேகாவிட்டால், புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும் முழுதாக அழியாது.

சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தேன். ஐந்தே விசில், வெண்ணெயாக மசிந்தது. அப்பாடா! இப்போது சோற்றோடுதான் சாப்பிடுகிறேன். கடலையில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற புரதக் கூறை அரிசி ஈடுகட்டுகிறது.