இன்ஜின் இல்லாத வண்டிக்கு எதற்கு சர்வீஸ்?

மின்சார கார் வாங்கிய புதிதில் "ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் இல்லை, சர்வீஸ் செலவே கிடையாது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பாதி உண்மைதான். மீதிப் பாதி, மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று தெரிந்தது. 70 சதவீதம் சார்ஜோடு நிறுத்திவிட்டுப் போன வண்டி, ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கியும் கதவுகூடத் திறக்கவில்லை.

படுத்திருந்தது 12 வோல்ட் பேட்டரி. அதனால் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். ஆமாம், பெட்ரோல் காரில் இருக்கிற மாதிரியே ஒரு சின்ன பேட்டரி இதிலும் உண்டு. விளக்கு, லாக், கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இழுப்பதும் அதுதான், ஆகவே அது படுத்துவிட்டால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் வண்டி நகராது. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள். வண்டியை அணைத்து சில மணி நேரம் கழித்து டெர்மினலில் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் மாற்றிவிடுங்கள். வண்டியை ஆன் செய்ததும் 13.5-க்கு மேல் ஏறும். ஏறாவிட்டால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை சார்ஜ் செய்கிற டிசி-டிசி கன்வெர்ட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரை வைப்பது இந்தச் சின்ன பேட்டரியில் மட்டும்தான். ஆரஞ்சு நிற கேபிள் எதிலும் கை வைக்கக் கூடாது, பல கார்களில் அது 300 வோல்ட்டுக்கு மேல்.

அடுத்து டயர். பேட்டரி எடையும் மோட்டாரின் உடனடி இழுப்பும் சேர்ந்து டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள் (அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்). காற்று குறைந்தால் ரேஞ்சும், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரமும், குறையும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது).

பிரேக் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியை சார்ஜ் செய்வது) இருப்பதால் பிரேக் பேட் மெதுவாகத்தான் தேயும், ஆனால் உபயோகிக்காததாலேயே டிஸ்க்கில் துரு ஏறும், அதுவும் சென்னையில் கடல் காற்று அடிக்கிற பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். காலியான சாலையில் ரீஜெனைக் குறைத்துவிட்டு அவ்வப்போது நன்றாக மிதித்து நிறுத்துங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

சார்ஜிங்கில் எல்லோரும் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் வண்டியின் பெரிய பேட்டரியில் இருக்கும் செல் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஹூண்டாய் கோனாவில் இருப்பது போன்ற என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) என்றால் அந்த அறிவுரை சரி. டாடா நெக்ஸான் மின்சார கார், பிஒய்டி அட்டோ 3 இரண்டிலும் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). அதற்கு அவ்வப்போது ஸ்லோ சார்ஜில் 100 வரை ஏற்றினால்தான் செல்கள் சமமாகும், மீட்டர் காட்டும் சதவீதமும் நம்பும்படி இருக்கும்.

இனி சர்வீஸ் சென்டர். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். எனக்கு ஒருமுறை எஸ்டிமேட்டில் 'இன்ஜின் டிரஸ்ஸிங்' என்று போட்டிருந்தார்கள். "எந்த இன்ஜினுக்குங்க?" என்று கேட்டேன், சர்வீஸ் அட்வைசர் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: கூலன்ட் அளவு, ஏசி ஃபில்டர், சாஃப்ட்வேர் அப்டேட், பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், வாரன்ட்டி கேட்கும்போது உதவும். கூலன்ட் குறைந்தால் நீங்களாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், மேனுவலில் சொன்னதுதான்.

மழைக்காலத்துக்கு ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்த மாதிரி வெள்ளம் வந்து வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், வடிந்த பிறகும் ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜரும் போடாதீர்கள். இழுத்துப்போக வருகிறவரிடம் பிளாட்பெட் வண்டிதான் (காரை முழுதாக மேலே ஏற்றிப் போவது) வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். மோட்டார் இணைந்த சக்கரம் ரோட்டில் உருண்டால் மோட்டார் சுற்றி மின்சாரம் உண்டாகும், அதில் வேறு பாகமும் கெட்டுப்போகலாம்.