சூரை, அயிலை, சாளை வாங்குவோர் கவனத்திற்கு: மீனில் ஹிஸ்டமின் சேராமல் காக்கும் முறை

மீன் உண்ட அரை மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் அரிப்பும் படபடப்பும் தோன்றினால், பலரும் அதை மீன் ஒவ்வாமை என்று முடிவு செய்து, அதன்பின் மீனையே ஒதுக்கிவிடுகின்றனர். அந்த மீன் சூரை, அயிலை, சாளை, வஞ்சிரம், நெத்திலி ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், முடிவெடுக்கும் முன் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிடிபட்டது முதல் அடுப்பேறும் வரை அம்மீன் குளிர்ச்சியின்றி எவ்வளவு நேரம் கிடந்தது என்பதே அந்தக் கேள்வி. இத்தகைய பாதிப்பு ஹிஸ்டமின் நச்சுணவு எனப்படுகிறது. இதை முழுமையாகத் தடுக்க முடியும். தடுக்கும் வழியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நொதியின் போக்கை அறிந்தால் போதும்.

மேற்சொன்ன மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. மீன் இறந்தபின், அதன் செவுளிலும் குடலிலும் இருக்கும் மார்கனெல்லா மார்கனி போன்ற பாக்டீரியாக்கள் தசைக்குள் பரவி, ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அந்நொதி ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்க, எஞ்சுவது, ஒவ்வாமையில் காணும் சிவப்பையும் அரிப்பையும் தோற்றுவிக்கும் அதே பொருளான ஹிஸ்டமின். நம் உடலிலும் இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. ஒவ்வாமை அணுக்களிலும் இரைப்பைச் சுவரிலும் மூளையிலும் அது தேவையான அளவில் ஹிஸ்டமினை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. மீனில் நிகழும்போது அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதுதான் வேறுபாடு.

இந்த நொதியைப் பற்றி மனத்தில் இருத்த வேண்டிய செய்திகள் இரண்டு. மீனை உறைய வைத்தால் பாக்டீரியாக்களுள் பல மடியலாம், ஆனால் அவை ஏற்கெனவே சுரந்துவிட்ட நொதி உறைநிலையிலும் சிதையாமல் இருந்து, மீன் இளகியதும் மீண்டும் வேலையைத் தொடங்கும். சமைக்கும் சூடு பாக்டீரியாவையும் நொதியையும் அழிக்கும் என்றாலும், அதற்குள் உருவாகிவிட்ட ஹிஸ்டமினை அழிப்பதில்லை. வறுத்தாலும் குழம்பு வைத்தாலும், டப்பாவில் அடைத்து உயர் அழுத்தத்தில் வேக வைத்தாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே கெட்ட மீனைச் சமையலால் சரிசெய்ய இயலாது. நொதி உருவாகும் முன்பே குளிரூட்டுவது ஒன்றே வழி.

இந்தப் பொறுப்பு படகிலேயே தொடங்குகிறது. காற்றின் அல்லது கடல்நீரின் வெப்பம் 28.3 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூழலில், மீன் இறந்த 6 மணி நேரத்துக்குள் அதைப் பனிக்கட்டியில் வைத்துவிட வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. நம் கடற்கரைகளில் ஆண்டின் பெரும்பகுதி வெப்பம் அந்த அளவில்தான் இருக்கிறது என்பதால், 6 மணி நேரத்தை எல்லையாகக் கொள்ளாமல், மீன் தளத்தில் விழுந்தவுடனே ஐஸ் வைப்பதே சரி. வெப்பநாடுகளில் மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் தேவைப்படும். மீனின் மேல் மட்டும் கொட்டினால் போதாது. ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பெரிய சூரையின் நடுத்தசை மிக மெதுவாகக் குளிரும் என்பதால், செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்புவது அவசியம்.

வாங்குபவர், ஐஸ் சூழ்ந்திருக்கும் மீனையே தேர்ந்தெடுக்க வேண்டும். பலகையில் வெயில்படக் கிடக்கும் அயிலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிடுவது நல்லது. கண் தெளிவு, செவுளின் சிவப்பு, தசையின் உறுதி ஆகியவற்றைப் பார்ப்பது பயனுள்ள பழக்கமே. எனினும் ஹிஸ்டமினுக்கு நிறமோ மணமோ இல்லாததால், பார்வைக்கும் மூக்குக்கும் குறையற்றதாகத் தோன்றும் மீனிலும் அது மிகுந்திருக்கக்கூடும். கடையில் ஐஸ் இருக்கிறதா என்பதற்கு நான் கண் தெளிவைவிடக் கூடுதல் மதிப்பளிப்பது இதனால்தான். வீடு தொலைவென்றால் மீனுடன் சிறிது ஐஸையும் கேட்டு வாங்கி, வெப்பம் புகாத பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் செவுளையும் குடலையும் அகற்றிக் கழுவி, 4 டிகிரிக்குக் கீழே குளிரூட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். ஃபோட்டோபாக்டீரியம் போன்ற சில பாக்டீரியாக்கள் அந்தக் குளிரிலும் மெல்ல ஹிஸ்டமினை உருவாக்க வல்லவை என்பதால், குளிரூட்டியில் இருக்கிறதே என்று நாள்களைத் தள்ளக் கூடாது. உறைந்த மீனைச் சமையல் மேடையில் வைத்து இளக்குவது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. முந்தைய இரவே குளிரூட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் அது பாதுகாப்பாக இளகும். மசாலா தடவிய மீனும் ஊறும் நேரம் முழுவதும் குளிரூட்டிக்குள்தான் இருக்க வேண்டும். கெடத் தொடங்கிய மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: முன்பே சேர்ந்துவிட்ட ஹிஸ்டமினை உப்பும் வெயிலும் போக்குவதில்லை.

கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு, பாதுகாப்புக்கான உச்ச அளவாக ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினை வரையறுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தொகுதியிலிருந்து 9 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் 2 மட்டும் 100 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், எதுவும் 200ஐத் தாண்டக் கூடாது. ஒரே மீனிலும் ஒரு துண்டில் மிகுதியாகவும் அடுத்த துண்டில் குறைவாகவும் ஹிஸ்டமின் இருப்பதுண்டு என்பதே இத்தனை மாதிரிகளுக்குக் காரணம். ஒரே சட்டியில் உண்டவர்களுள் ஒருவர் மட்டும் பாதிக்கப்படுவதையும் இது விளக்குகிறது. ஆய்வகங்கள் ஹிஸ்டமினை அளப்பதோடு, நொதிக்குரிய மரபணுவை பி.சி.ஆர். சோதனையால் தேடி, நாளை ஹிஸ்டமினை உருவாக்கக்கூடிய பாக்டீரியா இன்று மீனில் இருக்கிறதா என்றும் கண்டறிகின்றன.

உண்ணும்போது மிளகு கடித்தாற்போல் நாக்கோ உதடோ எரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். நம் காரக் குழம்பில் அந்த எரிச்சலைப் பிரித்தறிவது கடினம் என்பதால், தோல் சிவக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். மருத்துவர் தரும் ஆன்டிஹிஸ்டமின் மருந்து நொதியைத் தடுப்பதில்லை. ஹிஸ்டமின் சென்று ஒட்டும் ஏற்பிகளை அடைத்து, அறிகுறிகளைத் தணிக்கிறது. பெரும்பாலோர் ஒரு நாளுக்குள் தேறிவிடுவர். மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். காசநோய்க்காக ஐசோனியசிட் உட்கொள்வோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அம்மருந்து முடக்குவதால், பிறருக்குத் தீங்கு செய்யாத அளவும் அவர்களைக் கடுமையாகப் பாதிக்கலாம். சிகிச்சைக்காலத்தில் சூரை, அயிலை போன்ற மீன்களைத் தவிர்ப்பது குறித்து அவர்கள் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மருத்துவமனையில் என்ன மீன், எப்போது உண்டீர்கள், உடன் உண்டோருக்கும் இப்படி நேர்ந்ததா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். அறிகுறிகள் தோன்றிய சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் ட்ரிப்டேஸ் (ஒவ்வாமை அணுக்கள் வெளியிடும் ஒரு நொதி) அளவைப் பார்த்தால், கடும் ஒவ்வாமையில் அது உயர்ந்திருக்கக்கூடும். ஹிஸ்டமின் நச்சுணவில் இயல்பான அளவிலேயே இருக்கும். மீதமுள்ள மீன் துண்டை வீசிவிடாமல், பையிலிட்டு உறைய வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சோதனைக்குக் கொடுங்கள்.