மாரிக்கு முன்னே: பங்கில் வறியோர் பராமரிப்பை ஒழுங்குசெய்வது எப்படி

வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளித்துவிட்டால், திருகோணமலைக் கரையோரத்தில் சிறு வள்ளங்களை நம்பி வாழும் குடும்பங்களின் வருமானம் ஐப்பசி முதல் தை வரை அருகிவிடும். கூலிக்கு வலை இழுப்பவர்களுக்கும் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் அது முற்றாகவே நின்றுவிடுவதுண்டு. நம்முடைய கத்தோலிக்கப் பங்குகளிலோ (ஒரு கோவிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகங்களிலோ) உலருணவுப் பொதி பெரும்பாலும் நத்தாருக்கு முந்திய வாரத்தில்தான் கட்டப்படுகிறது. அதற்குள் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஆகவே இப்பணியைத் தொடங்கும் குழு முதலில் தன் நாட்காட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி 2017 முதல் கொண்டாடப்படும் வறியோர் உலக நாள், திருவழிபாட்டு நாட்காட்டியில் பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறன்று, அதாவது நவம்பர் நடுப்பகுதியில் வருகிறது. அது நம் ஊர் மாரியோடு பொருந்தி வருவது தற்செயலே எனினும், அந்நாளை எல்லையாக வைத்து ஆவணியிலேயே வேலையைத் தொடங்கலாம்.

குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டபோது தெரிவுசெய்யப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. குறைபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளரை எடுத்தார்கள் என்று இதைக் கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் மட்டும் கூடிப் பட்டியல் எழுதும் குழுவுக்குக் கரையோரத்துக் கைம்பெண் ஒருவரின் அறிவு ஒருநாளும் கிட்டாது.

அடுத்தது வீட்டுத் தரிசிப்பு. 1833இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு தொடங்கிய புனித வின்சென்ட் டி போல் சபை, வறியோரை அவர்களுடைய வீட்டிலேயே சந்திப்பதைத் தன் அடிப்படைப் பணியாக வைத்தது. இருவராகச் செல்லுங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். கொடுக்கும் வெறும் தேநீரைக் குடித்து, பேச்சைக் கேட்டு, குறிப்பை வீட்டுக்கு வந்தபின் எழுதுங்கள். இரண்டாம் மூன்றாம் சந்திப்பில்தான் கடனைப் பற்றிய உண்மை வெளிவரும்: யாரிடம் வாங்கியது, வட்டி எவ்வளவு, நுண்கடன் வசூலிப்பவர் எந்தக் கிழமை வருகிறார் என்பவை தெரியாமல் கொடுக்கப்படும் பணம், கொடுத்த அன்றே வேறொருவர் கைக்குப் போய்விடும்.

நாம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி பலவேளை அரசிடமிருந்து அவர்களுக்கு உரியதாகவே இருக்கிறது. வறிய குடும்பங்களுக்கென அரசு 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கோ முதியோர் கொடுப்பனவுக்கோ விண்ணப்பிக்காதவர்களையும், விண்ணப்பித்தும் விடுபட்டவர்களையும் தனியே குறித்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே செல்லுங்கள். வரிசையில் உடன் அமர்ந்திருப்பதும் இரக்கப் பணிதான். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் குழுவில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். கணவர் காணாமற்போன வீடுகளில் மட்டும் மிகுந்த நிதானம் தேவை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி 2016இல் சட்டமாக்கப்பட்டது. அதைத் தெரிவிக்கலாமே தவிர, எதையும் எடுக்கும்படி வற்புறுத்துவது நம் வேலையன்று. சிறுவர் துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால் அதைக் குழுவுக்குள் பேசித் தீர்க்க முயலாமல் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

பணத்துக்குத் திருத்தூதர் பவுலின் ஒழுங்கே போதும்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் இயன்றதை எடுத்துவைக்கச் சொன்னவர் (1 கொரிந்தியர் 16:2), அந்தக் கொடையைக் கொண்டுசெல்வதில் எவரும் குறைகூறாதபடி வேறு சகோதரர்களையும் உடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கும், வரவு செலவை மாதந்தோறும் பங்குத்தந்தையிடம் காட்டும் வழக்கமும் வேண்டும். பெறுவோரின் பெயர்கள் அறிவித்தற்பலகைக்கு வரக் கூடாது. எங்கள் குழு முன்பொருமுறை பொதி கொடுக்கும் படத்தை முகநூலில் இட்டது. மறுவாரம் அந்த வீட்டுப் பெண் பிள்ளை மறைக்கல்விக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கமெராவையே கொண்டுபோவதில்லை.

பொதிக்குப் பதிலாக, அயலிலுள்ள பலசரக்குக் கடையில் ஒரு தொகையை முன்கூட்டிச் செலுத்தி, வேண்டியதை அவர்களே எடுக்கும்படி துண்டு கொடுப்பது மேலானது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொன்ன லேவியர் நூலின் கட்டளையிலும் (19:9-10) ஏழை தன் கையாலேயே கதிரைச் சேர்த்துக்கொள்கிறாள். ரூத் அப்படித்தான் போவாசின் வயலுக்கு வந்தாள்.

இந்துக்களும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் நம் மாவட்டத்தில், உதவியோடு செபக் கூட்ட அழைப்பையும் சேர்த்துக் கொடுப்பது பெறுபவரை இக்கட்டில் தள்ளும். ஆகவே இரண்டையும் கலக்கவே வேண்டாம். இயேசு சொன்ன உவமையின் நல்ல சமாரியர், வழியில் காயப்பட்டுக் கிடந்தவனிடம் ஊரும் மதமும் கேட்கவில்லை. கோயில் அறங்காவலர்களோடும் பள்ளிவாசல் நிருவாகத்தோடும் பேசிவைத்தால், ஒரே வீட்டுக்கு மூன்று பொதிகளும் அடுத்த வீட்டுக்கு ஒன்றுமில்லாமலும் போகும் நிலையைத் தவிர்க்கலாம்.

மாசியில் கடல் அமைதியடைந்து வள்ளங்கள் இறங்கியபின் குழு மீண்டும் கூடி, எந்த வீட்டு அடகு மீட்கப்பட்டது, எந்த வீட்டில் புதுக் கடன் ஏறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்த ஆவணிக்கான பட்டியலை அங்கிருந்தே எழுதத் தொடங்க வேண்டும்.