பட்ட மேற்படிப்பு மருத்துவரின் முன்னேற்றத்தை அளவிடும் முறை

எம்.டி., எம்.எஸ். பயிலும் ஒரு மருத்துவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை மூன்றாம் ஆண்டின் இறுதித் தேர்வில் கண்டுகொள்ளலாம் என்று விட்டுவிட்டால், குறை தெரியவரும்போது அதைத் திருத்தக் காலம் இருக்காது. ஆகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவமனைகளில் புதிதாக வழிகாட்டிப் பொறுப்பேற்கும் உதவிப் பேராசிரியர்கள் முதல் மாதத்திலிருந்தே ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்: இந்த வேலையை, இந்த நோயாளியிடம், இவரை நம்பித் தனியே விடலாமா? லாக் புக் (செய்த வேலைகளைப் பதியும் குறிப்பேடு), உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஜர்னல் கிளப் (ஆய்விதழ்க் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் கூட்டம்), தீசிஸ் (ஆய்வேடு) ஆகிய அனைத்தும் அந்தக் கேள்விக்கு விடை காண உதவும் சான்றுகளே.

நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் காட்டே 2005-ல் முன்வைத்த கருத்தும் இதை ஒட்டியதே. அவர் வழியில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து படிகள் கொள்ளப்படுகின்றன: அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதிப்பது, ஆசிரியர் உடனிருக்கச் செய்ய விடுவது, அழைத்தால் ஆசிரியர் வந்துவிடும் தொலைவில் இருக்கச் செய்ய விடுவது, தனியே செய்ய விடுவது, இளையவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பையும் கொடுப்பது. இப்படிகள் ஆளுக்கு உரியவை அல்ல, வேலைக்கு உரியவை என்பதை மறக்கலாகாது. குடல்வால் அறுவையில் நான்காம் படியில் இருப்பவர், விபத்தில் மண்ணீரல் சிதைந்து வந்தவரின் வயிற்றைத் திறப்பதில் இரண்டாம் படியில் இருக்கலாம். எனவே துறை ஆசிரியர்கள் கூடி, தத்தம் துறையில் தவிர்க்க முடியாத பத்துப் பதினைந்து வேலைகளைத் தேர்ந்து, எந்த ஆண்டின் முடிவில் எந்தப் படியை எதிர்பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பொது மருத்துவத் துறைக்கு நம் பகுதியில் பாம்புக்கடி மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. விஷமுறிவு மருந்தின் அளவை முதலாண்டு மாணவர் ஒப்பித்துவிடுவார். அது அறிவுக்குச் சான்றே தவிர, திறனுக்கு அன்று. இரத்தம் உறைகிறதா என்று அறிய, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அதன் பின்னரே சாய்த்துப் பார்க்கிறாரா, அல்லது சோப்புநீரில் கழுவிய பழைய குழாயை எடுத்துவிட்டு உறையவில்லை என்று தவறாக எழுதுகிறாரா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மருந்தைத் தொடங்குமுன் ஒவ்வாமையை எதிர்கொள்ள அட்ரினலினைத் தயாராக எடுத்து வைத்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த படி இன்னும் நுட்பமானது: விஷம் ஏறியதற்கான குறி எதுவும் இல்லாதபோது, உறவினர்கள் வற்புறுத்தினாலும் மருந்தை நிறுத்தி வைத்துத் தொடர்ந்து கண்காணிக்கிறாரா? இரவில் தரையில் படுத்துறங்கி, விடியற்காலையில் வயிற்று வலியோடும் தொங்கும் இமைகளோடும் வரும் விவசாயத் தொழிலாளியிடம், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்கிறாரா? என் மதிப்பீட்டில் அப்படி நினைப்பவர்தான் உண்மையில் முன்னேறியவர்.

இத்தகைய நேரடிக் கவனிப்புக்கு மினி-சி.இ.எக்ஸ். (mini-CEX, நோயாளியிடம் மாணவரின் திறனைச் சுருக்கமாக நேரில் மதிப்பிடுவது) எனப்படும் எளிய முறை போதும். அமெரிக்காவில் ஜான் நார்சினியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை 1995-ல் அறிமுகப்படுத்தினர். மாணவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதை ஆசிரியர் குறுக்கிடாமல் 15 அல்லது 20 நிமிடம் கவனித்து, உடனே சில நிமிடம் பேசி, அங்கேயே படிவத்தில் எழுதிவிடுவதே அதன் முழு நடைமுறை. ஒரே ஒரு கவனிப்பை வைத்து முடிவு கட்டக் கூடாது. வெவ்வேறு நோய்களில், வெவ்வேறு ஆசிரியர்கள், ஓ.பி.யிலும் வார்டிலும் இரவு நேர அவசரப் பிரிவிலும் கவனித்த பல குறிப்புகள் சேர்ந்தால்தான் உருவம் தெளியும். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் பல நோயாளிகள் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். அவர்களிடம் மாணவர் எப்படி விவரம் கேட்டறிகிறார், அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது அவர்களுக்குப் புரிந்துவிட்டதா என்று சரிபார்க்கிறாரா என்பதும் மதிப்பிடப்பட வேண்டிய திறனே.

கவனிப்பவரின் மனச்சாய்வு இங்கே பெரிய இடர். இரவுபகலாக வார்டில் நிற்பவர், ரவுண்ட்ஸில் சரளமாகப் பேசுபவர் ஆகியோருக்கு எல்லாக் கட்டங்களிலும் உயர்ந்த மதிப்பெண் விழுந்துவிடுகிறது. கூச்சமுள்ளவர் நல்ல கைத்திறன் உள்ளவராயினும் பின்தங்குகிறார். செவிலியர்களிடமும் லேபர் வார்டு ஊழியர்களிடமும் கருத்துக் கேட்பது இந்தச் சாய்வைப் பெரிதும் குறைக்கும், ஏனெனில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் மாணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டங்களில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை நிரப்புவதற்கான மதிப்பீட்டுப் படிவம் தரப்பட்டுள்ளது. அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு. நான்குக்குக் கீழே கொடுத்தால் திருத்த வழியையும் எழுத வேண்டும். எல்லாருக்கும் ஆறு போட்டுக் கையெழுத்திடுவதால் யாருக்கும் பயனில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எண்ணுக்குக் காரணமான நிகழ்வை ஒரு வரியில் எழுதுவதே முறை. லாக் புக்கிலும் செய்தவற்றின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றையும் உதவியாளராகச் செய்தாரா, கண்காணிப்பில் செய்தாரா, தனியே செய்தாரா என்ற பதிவே முக்கியம்.

படிவத்தை மாணவரோடு தனியே அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். ரவுண்ட்ஸின் நடுவே, நோயாளிகளின் முன்னிலையில் கடிந்துகொள்வது மதிப்பீடு ஆகாது. முதலில் அவருடைய கணிப்பைக் கேட்டு, பிறகு கண்டதைச் சொல்லி, அடுத்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதுவது போதுமானது.

மூன்றாவது முதல் ஐந்தாவது பருவத்துக்குள் (அரையாண்டுக்குள்) வரும், மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்றும் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சியைப் பலர் இடைவேளையாகக் கருதுகிறார்கள். உண்மையில் வசதிகள் குறைந்த இடத்தில் எதைத் தாமே கவனிக்கிறார், எதை, எப்போது, என்ன குறிப்போடு மேல்மருத்துவமனைக்கு அனுப்புகிறார் என்பதை அறிய அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. வெறும் நிறைவுச் சான்றிதழோடு நிறுத்தாமல், அவர் அனுப்பிய பரிந்துரைக் கடிதங்கள் சிலவற்றைத் திரும்பி வந்ததும் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்கலாம். நோயாளிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பின்தங்கியவரைப் பற்றி முடிவெடுக்குமுன் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். படிப்புப் போதாமை, கைப்பயிற்சிப் போதாமை, தொடர் டியூட்டியால் வந்த களைப்பு, மனச்சோர்வு ஆகிய நான்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் அவற்றுக்கான மருந்து வேறு வேறு. நன்றாக இருந்தவர் சில வாரங்களில் திடீரெனச் சரிந்தால், மதிப்பெண்ணைக் குறைக்குமுன் அவர் உறங்குகிறாரா, உண்கிறாரா என்று கேட்பது வழிகாட்டியின் கடமை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பி, அந்த விவரத்தை மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்காமல் காக்கவும் வேண்டும். மற்றவர்களுக்கு எழுத்திலான திருத்தத் திட்டமும் காலவரையறையும் கொடுத்து, முதலில் மதிப்பிடாத வேறோர் ஆசிரியரைக் கொண்டு மறுபடியும் கவனிக்கச் செய்ய வேண்டும். வழிகாட்டி இடமாறுதலில் செல்ல நேர்ந்தால், இந்தப் பதிவுகளைத் துறைத் தலைவர் முன்னிலையில் அடுத்த வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டே செல்ல வேண்டும்.