தரங்கம்பாடிக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்

தரங்கம்பாடி போகிறவர்கள் கோட்டை முன்னால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றிய ஊர் அது, பிள்ளைகளோடு போனால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

முந்தின நாள் ராத்திரியே ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ரப்பர் ஸ்டாம்பு ஏதாவது இருந்தால் அதன் முகத்தைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள், எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அதை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தால் நேராகிவிடும். அச்சு என்றால் இவ்வளவுதான், இது புரிந்துவிட்டால் மறுநாள் பார்ப்பதெல்லாம் புரியும்.

அப்புறம் கதை. 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு, நம் பிள்ளைகள் மாதிரியே மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் இங்கே வந்து சேர்ந்தன, ஆனால் அளவில் பெரிசு, அதில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் தரங்கம்பாடியிலேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் மூடிதான் அந்த ஈயம் என்பார்கள். பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி 1715-ல் முடிந்தது.

மயிலாடுதுறையிலிருந்து 30 கிலோமீட்டர் போல, காரைக்காலிலிருந்து அதில் பாதி. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும், அதனால் சனிக்கிழமை நல்லது. வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.

முதலில் சீகன்பால்கு குடியிருந்த வீட்டுக்குப் போங்கள், அதைச் சீர்செய்து 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவசரப்படாதீர்கள். பழைய தமிழ் அச்சு எது கண்ணில் பட்டாலும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா, 'லை' 'னை' எல்லாம் யானைத் துதிக்கை போட்டு வருகிறதா என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி ஒரு வரியைப் படித்துவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

அங்கிருந்து ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம். கட்டியது 1718-ல். வாசலுக்கு மேலே, அப்போது இந்த ஊரை வைத்திருந்த டென்மார்க் அரசரின் கிரீட முத்திரையைக் காட்டுங்கள். உள்ளே செருப்பும் சத்தமும் வேண்டாம். பலிபீடத்துக்கு முன்னால் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது, ஆலயம் எழுந்த மறு வருஷமே 36 வயதில் போய்விட்டார். அங்கே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அருகே இருக்கும் 1701-ஆம் வருஷத்து சீயோன் ஆலயத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்துப் பொறையாறு. 1620-ல் கட்டிய கோட்டையை வெயில் தாழ்ந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்தால் கடற்கரைதான். ஈர மணலில் பிள்ளைகள் தங்கள் பெயரைத் திருப்பி எழுதிப் பார்க்கட்டும், 'ழ' வரும் பெயர் என்றால் அலை வந்து அழிப்பதற்குள் முடிப்பது கஷ்டம்தான்.